அத்திம்பேரின் பந்தய ஆசை

ராத்திரி பத்தரை மணிக்கு மேல் டெலிபோன் அடித்தால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நல்ல சேதி சொல்கிறவர்கள் பொழுது விடிகிற வரையில் காத்திருப்பார்கள் என்பது என் பாட்டியின் சித்தாந்தம். அன்றைக்கு அடித்தது ஹாலந்தில் ஐந்தோவன் நகரத்தில் இருக்கும் என் அக்கா. அங்கே அப்போது சாயங்காலம் ஆறு மணிதான்.

"நீதான் பத்திரிகையில் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறாயே, எங்கள் வீட்டுக்கும் ஒரு யோசனை சொல்லேன். உன் அத்திம்பேருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கவேண்டுமாம். காரை எடுத்துக்கொண்டு பத்து நாள் போகலாம் என்கிறார். எந்தப் பந்தயம் என்று மூன்று நாளாக வீட்டில் சண்டை. நீ சொன்னால் அவர் கேட்பார்" என்றாள்.

நான் சொல்லி அத்திம்பேர் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. இருந்தாலும், கேட்கிறவள் அக்காவாயிற்றே!

அத்திம்பேருக்கு வயது ஐம்பது. சர்க்கரை போடாத காப்பி, வேகத்துக்கு ஐந்து கிலோமீட்டர் குறைவாகவே ஓடும் கார், எதற்கும் ரசீது கேட்கும் சுபாவம் - இதுதான் அவர். ஆனால் பத்து வயதில் தம் தகப்பனார் தோளில் உட்கார்ந்து சோழவரம் விமான ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்தவர். அந்தப் புழுதியும் பெட்ரோல் வாசனையும் நாற்பது வருஷமாக அவர் மூக்கை விட்டுப் போகவில்லை. பக்கத்து நாடுகளிலெல்லாம் உலகப் புகழ் பெற்ற பந்தயங்கள் நடக்கும்போது, ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே ஆயுசு முடிந்துவிடுமோ என்று அவருக்கு ஏக்கம் வந்ததில் தப்பில்லை.

அக்காவின் கவலை வேறு. அவளுக்கு ஒரே பிள்ளை, பதினைந்து வயது. ஹாலந்தில் பதினாறு வயது நிரம்பினால் மொபெட் லைசென்ஸ் வாங்கலாம். பிள்ளையாண்டான் இப்போதே நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். "எரிகிற நெருப்பில் இவர் எண்ணெய் வார்க்கப் பார்க்கிறாரே!" என்பது அவள் புலம்பல்.

நேயர்களே, இது என் அக்கா வீட்டுச் சமாசாரம் மட்டும் அல்ல. உங்களில் எத்தனையோ பேரின் பிள்ளைகளும் பெண்களும் இன்று ஜெர்மனியிலும் ஹாலந்திலும் அயர்லாந்திலும் குடியிருக்கிறார்கள். பிரசவத்துக்கு என்றோ, கோடைக்கு என்றோ நீங்களும் போய் இரண்டு மூன்று மாதம் தங்குகிறீர்கள். ஒரு நாள் மாப்பிள்ளை மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பந்தயம் பார்க்கப் போகலாமா, அம்மா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கக் கூடாது அல்லவா? அதற்காகத்தான், அந்த ஒரு வாரத்தில் நான் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லுகிறேன்.

*

முதலில் ஒரு விஷயம். ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்பது நம் ஊர்த் திருவிழாவைப் போல. மாதத்துக்கு ஒரு ஊர். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ராசி. தேதி வருஷத்துக்கு வருஷம் முன்பின்னாக மாறும். ஆகையால் அந்தந்த வருஷத்து அட்டவணையைப் பார்க்காமல் லாட்ஜுக்குப் பணம் கட்டக் கூடாது.

ஸ்பெயினின் தெற்கு மூலையில் ஹெரஸ் இருக்கிறது. ஏப்ரல் கடைசியை ஒட்டி அங்கே பந்தயம்; ஊரே ராத்திரி முழுவதும் தெருவில் நிற்கும். ஆனால் ஐந்தோவனிலிருந்து காரில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பத்து நாள் விடுமுறையில் பாதி நாள் சக்கரத்திலேயே போய்விடும்.

மே மாதத்தில் பிரான்ஸில் லெ மான். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்! 2024-ல் மூன்று நாளில் 2,97,000 பேருக்கு மேல் வந்தார்கள். கூடாரம் போட்டுத் தங்கும் வாலிபர்கள் இரவெல்லாம் எஞ்சினை உறும விட்டுக்கொண்டு தூங்கவும் மாட்டார்கள், தூங்க விடவும் மாட்டார்கள். கைக்குழந்தையோடும் ரத்த அழுத்தத்தோடும் போகக்கூடிய இடம் அல்ல.

மே கடைசியிலோ ஜூனிலோ இத்தாலியில் முஜெல்லோ. பிளாரன்ஸுக்கு வடக்கே பச்சைக் குன்றுகளின் மடியில் 5.245 கிலோமீட்டர் ஓடுபாதை. சொந்தக்காரர்கள் பெராரி கார்க் கம்பெனியார். 2023-ல் இங்கே ஒரு மோட்டார் சைக்கிள் மணிக்கு 366.1 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பக்கத்து ஸ்கார்பெரியா ஊர், பல நூற்றாண்டுகளாகக் கத்தி செய்வதற்குப் பேர்போனது. அரிவாள்மணை கிடைக்காது, ஆனால் கறிகாய் நறுக்க வாங்கி வரலாம்! ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த பதினேழு கிலோமீட்டர் கோட்டார்டு சுரங்கம் வழியாகப் போகிற பாதையே ஒரு காட்சி. ஆனால் போகவே ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பிளாரன்ஸ் நகரத்துக்குள் தெரியாமல் காரை ஓட்டிவிட்டால், அனுமதிச் சீட்டு இல்லாத வண்டி என்று காமிரா படம் பிடித்து, வீட்டு விலாசத்துக்கு அபராதம் அனுப்பிவிடும்.

ஜூலையில் ஜெர்மனியின் ஸாக்ஸன்ரிங். இதன் கதையைக் கேட்டால் எனக்கு மயிர்க்கூச்சம் எடுக்கிறது. அந்த நாளில் அது கிழக்கு ஜெர்மனி. பந்தயம் ஊர்த் தெருக்களிலேயே நடந்தது. 1971-ல் மேற்கு ஜெர்மனிக்காரரான டீட்டர் பிரவுன் 250 சி.சி. பந்தயத்தில் ஜெயித்தார். ஜெயித்தவருக்காக அவர் நாட்டுக் கீதத்தை வாசிக்க வேண்டும் அல்லவா? வாசித்தபோது, திரண்டிருந்த கிழக்கு ஜெர்மானிய ஜனங்கள் கூடவே பாடிவிட்டார்கள்! பாடக்கூடாத பாட்டு அது. 1972-க்குப் பிறகு உலகப் பந்தயம் அங்கே நடக்கவில்லை. பெர்லின் சுவர் விழுந்து, இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகி, புதிய ஓடுபாதையும் அமைத்த பிறகு 1998-ல்தான் திரும்பி வந்தது. பந்தயம் என்றால் வெறும் சத்தமும் புகையும் என்று நினைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் யோசிக்கவேண்டிய சங்கதி.

ஹாலந்திலேயே அஸ்ஸன் இருக்கிறது. அக்கா வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். 1925-ல் செங்கல் பாவிய கிராமச் சாலையிலும் மண் தடத்திலும் ஆரம்பித்தது. 2025-ல் நூற்றாண்டு கொண்டாடியது. 1949-ல் உலகச் சாம்பியன் பட்டம் ஏற்பட்ட நாளிலிருந்து, பெருந்தொற்று வந்த 2020-ஐத் தவிர ஒரு வருஷமும் தவறாமல் பந்தயம் நடந்த ஊர் இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற நாள் என்பதால் வெகுகாலம் சனிக்கிழமையில்தான் நடந்தது. 2016-ல்தான் ஞாயிறுக்கு மாறியது. ஆசாரமான ஊர்!

இவ்வளவையும் நான் டெலிபோனில் ஒப்பித்தேன். அத்திம்பேர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லாம் சரி, ஆனால் நான் கேட்டது மேன் தீவு" என்றார்.

*

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் கிடக்கிறது மேன் தீவு. ஜனத்தொகை ஒரு லட்சம்கூட இல்லை. 1907-லிருந்து அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம். மே கடைசியிலும் ஜூன் முதலிலும் இரண்டு வாரம், தீவின் சாலைகளை அடைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். ஓடுபாதை என்று தனியாகக் கட்டவில்லை. தபால்காரர் போகிற சாலை, பள்ளிக்கூட பஸ் போகிற சாலை, மளிகைக் கடையும் தேவாலயமும் கல் சுவரும் இருமருங்கும் நிற்கிற சாலை, அதுதான் ஓடுபாதை. ஒரு சுற்று 37.73 மைல், அதாவது அறுபது கிலோமீட்டருக்கு மேல். இருநூறுக்கு மேற்பட்ட வளைவுகள். ஊரைத் தாண்டி மலை ஏறி இறங்கவேண்டும். எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவது கிடையாது. பத்து விநாடிக்கு ஒருவராக அனுப்புகிறார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி. 2023-ல் பீட்டர் ஹிக்மன் ஒரு சுற்றைச் சராசரி மணிக்கு 136.358 மைல் வேகத்தில் முடித்தார். நம் கணக்கில் 219 கிலோமீட்டர். வீட்டு வாசற்படிகளுக்குப் பக்கத்தில்!

பார்க்கப் போகிறவர்கள் வேலி ஓரத்திலும், தேவாலயத் தோட்டத்திலும், யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுப் புல்தரையிலும் உட்காருவார்கள். சாலையை அடைத்துவிட்டால் திறக்கிற வரையில் குறுக்கே போக முடியாது; காலையில் உட்கார்ந்த பக்கத்திலேயே பல மணி நேரம் இருக்கவேண்டியதுதான். தீவில் தேவதைப் பாலம் என்று ஒன்று உண்டு. பந்தயக்காரர்கள் அங்கே போய், கண்ணுக்குத் தெரியாத சின்னத் தேவதைகளுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுவார்களாம். புது வண்டி வாங்கினால் தெருக்கோடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற நமக்கு இது புரியாததா?

"அந்தப் பாலத்துக்கு எதற்காகப் போகிறார்கள் என்று உன் அத்திம்பேரைக் கேள்" என்றாள் அக்கா.

அவள் சும்மா கேட்கவில்லை, அவளும் படித்திருந்தாள். 1911-லிருந்து அந்த மலைப் பாதையில் இறந்த பந்தயக்காரர்கள் 250 பேருக்கு மேல். 2022-ஆம் வருஷப் பந்தயம் ஒன்றே ஆறு உயிர்களைக் கொண்டு போயிற்று. அதில் இரண்டு பேர் தகப்பனும் மகனும். ஒரே வண்டியில், பக்கவாட்டுப் பெட்டி வைத்த வண்டியில், சேர்ந்து ஓட்டியவர்கள். 2024-ல் யாரும் இறக்கவில்லை. அதை ஒரு நல்ல செய்தியாகச் சொல்லிக்கொள்கிற பந்தயம் அது.

"நான் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி, பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு, என் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் பார்க்கவேண்டுமா?" என்று கேட்டாள்.

அத்திம்பேர் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். அவர் கட்சியிலும் நியாயம் உண்டு. "அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்துதான் வருகிறார்கள். மலை ஏறுகிறவனையும் கடலில் தனியாகப் படகு விடுகிறவனையும் நாம் கொண்டாடவில்லையா?" என்றார்.

இருவரும் சொன்னது சரியாகத்தான் பட்டது. ஆனால், இந்தக் கேள்வி அக்கா வீட்டு அடுப்பங்கரையில் முதல் முதலாகப் பிறந்தது அல்ல என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பந்தயக்காரர்களே கேட்ட கேள்வி அது.

இத்தாலியில் ஜியாகோமோ அகோஸ்தினி என்று ஒருவர். பதினைந்து முறை உலகச் சாம்பியன்; மேன் தீவில் மட்டும் பத்து வெற்றி. 1972-ல் மழையும் பனிமூட்டமுமான ஒரு நாள், அவருடைய நண்பர் கில்பெர்த்தோ பார்லோத்தி அந்த மலையில் விழுந்து இறந்தார். "இனி இங்கே ஓட்டமாட்டேன்" என்று அகோஸ்தினி சொல்லிவிட்டார். பிறகு ஓட்டவும் இல்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். 1976-க்குப் பிறகு மேன் தீவுப் பந்தயத்துக்கு உலகச் சாம்பியன் பட்டத்தில் இடம் இல்லாமல் போயிற்று. உலகத்திலேயே பெரிய வீரர் ஒருவர், "இது எனக்கு வேண்டாம்" என்று சொன்னதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது.

அதே சமயம், அந்தச் சாலையை விடாதவர்களும் இருந்தார்கள். வட அயர்லாந்தில் பாலிமனி என்ற சின்ன ஊரில் டன்லப் குடும்பம். அண்ணன் ஜோயி மேன் தீவில் இருபத்தாறு முறை ஜெயித்தவர். பந்தயம் இல்லாத நாட்களில் ஒரு வேனில் உணவும் துணியும் ஏற்றிக்கொண்டு, ருமேனியாவின் அநாதைக் குழந்தைகளுக்குத் தாமே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். அந்தத் தொண்டுக்காக 1996-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் விருது கொடுத்தது. 2000-ல் எஸ்தோனியாவில் ஒரு சாலைப் பந்தயத்தில் அவர் இறந்தார். தம்பி ராபர்ட் 2008 மே மாதம் ஒரு வியாழக்கிழமை பயிற்சியின்போது இறந்தார். சனிக்கிழமை, ராபர்ட்டின் மகன் மைக்கேல் அதே சாலையில் ஓட்டி, ஜெயித்தார். இன்னொரு மகன் வில்லியம் 2018-ல் இறந்தார். மைக்கேல் நிறுத்தவில்லை. 2024-ல் பெரியப்பாவின் இருபத்தாறு வெற்றிகளையும் தாண்டிவிட்டார்.

இதைச் சொன்னதும் டெலிபோனில் வெகு நேரம் பேச்சே இல்லை. கடைசியில் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அந்த வீட்டில் பெண்கள் என்ன செய்வார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

*

அப்படியானால், சுவர் எழுப்பி, ஓரத்தில் ஜல்லி கொட்டி, டாக்டரையும் ஆம்புலன்ஸையும் நிறுத்தி வைத்திருக்கிற மைதானப் பந்தயத்தில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, நேயர்களே. பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. 2021 மே மாதம் முஜெல்லோவில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அதே வருஷம் ஜூலையில் ஸ்பெயினில் பதினான்கு வயதுப் பையன். செப்டம்பரில் ஹெரஸில் பதினைந்து வயதுப் பையன். பதினைந்து! அக்கா அதைக் கேட்டு, அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். 2023-லிருந்து உலகச் சாம்பியன் பந்தயங்களில் சேரப் பொதுவாகப் பதினெட்டு வயது நிரம்பவேண்டும். 2018-லிருந்தே, விழுந்தால் தானாகக் காற்று நிரம்பி மார்பையும் தோளையும் காக்கிற அங்கி கட்டாயம். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி விழுந்தவன், ஜல்லியில் புரண்டு, எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு நடந்து போவதை மைதானத்தில் சகஜமாகப் பார்க்கலாம். கல் சுவர் ஓரத்தில் அப்படி எழுந்து நடக்க இடம் இல்லை. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இது சின்ன வித்தியாசம் அல்ல.

ஆகவே நான் அக்காவுக்குச் சொன்னது இது: "எந்தப் பந்தயம் ஒஸ்தி என்று கேட்காதே. உன் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள், என்ன நடந்தால் உன்னால் தாங்க முடியும் என்று கேட்டுக்கொள். அத்திம்பேர் தனியாகப் போனால் ஒரு பந்தயம். பிள்ளையோடு போனால் வேறு பந்தயம்."

பிறகு ஒரு யோசனையும் சொன்னேன். மோட்டோ ஜி.பி. என்கிற பெரிய பந்தயத்தைத் தவிர, உலக சூப்பர்பைக் பந்தயம் என்று ஒன்று இருக்கிறது. கடையில் விற்கிற வண்டிகளின் ஜாதியைச் சேர்ந்த வண்டிகளில் ஓட்டுவது. கூட்டம் குறைவு. அதில் ஒரு விசேஷம், டிக்கெட் வாங்கினவர்கள் 'பேடாக்' என்கிற இடத்துக்குள் போகலாம். அது பந்தயத்தின் பின்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பிரித்துப் பூட்டுவதும், டயரைச் சூடாக்குவதும், ஓட்டுகிறவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு நடப்பதும் எல்லாம் அங்கேதான். கல்யாண வீட்டில் பந்தியை விடச் சமையற்கட்டுத்தானே சுவாரஸ்யம்?

இன்னொரு விசேஷமும் உண்டு. 2025 ஏப்ரலில் அஸ்ஸனில் இந்தப் பந்தயத்தோடு பெண்களுக்கான உலகச் சாம்பியன் பந்தயமும் சேர்ந்து நடப்பதாக இருந்தது. பெண்களுக்கா என்று ஆச்சரியப்படாதீர்கள். 1954-லேயே இங்கே ஷ்டால் என்ற ஜெர்மன் பெண்மணி பக்கவாட்டுப் பெட்டி வண்டியில் மேன் தீவில் போட்டியிட்டார். 1962-ல் பெரில் ஸ்வெயின் என்ற ஆங்கிலப் பெண்மணி 50 சி.சி. வண்டியில் தனியாக ஓட்டி முடித்தார். பெண்களுக்கு இது ஆபத்து என்று சொல்லி, பிறகு அவருடைய பந்தய லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள்! ஆண்களுக்கு அது ஆபத்து இல்லை போலும். 2018-ல் ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ ஆண்களோடு சரிசமமாக ஓட்டி, சூப்பர்ஸ்போர்ட் 300 பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். 2024-ல் பெண்களுக்கென்று ஆரம்பித்த பந்தயத்தில் முதல் பட்டமும் அவருக்கே.

"அப்படியா! அதைப் பார்க்கலாமே" என்றாள் அக்கா. அடுப்பங்கரையில் வெண்கலப் பானை விழுந்தது போல் ஒரு சத்தம் கேட்டது. அத்திம்பேர் நாற்காலியிலிருந்து எழுந்த சத்தம் என்று பிறகு தெரிந்தது.

மேன் தீவு யோசனைக்குக் கடைசி ஆணியை அறைந்தது நானும் அல்ல, அக்காவும் அல்ல. அவர்கள் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். ஐரோப்பாவில் இருபத்தெட்டு இருபத்தொன்பது நாடுகளுக்குச் செல்லுகிற அனுமதி, மேன் தீவுக்குச் செல்லாது. பிரிட்டிஷ் விசா தனியாக வாங்கவேண்டும். அது போக, பந்தய வாரத்துக் கப்பலில் காருக்கு இடம் கிடைக்கப் பல மாதம் முன்பே பதிவு செய்யவேண்டும். ரசீதுகளை எல்லாம் கோப்பில் வைத்திருக்கும் அத்திம்பேர், இந்த இரண்டையும் யோசிக்கவே இல்லை!

*

உங்களில் யாராவது இப்படிக் காரில் புறப்படுவதாக இருந்தால், நாலு விஷயத்தை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்.

காதுக்கு அடைப்பான் கட்டாயம். பஞ்சு போதாது. மருந்துக் கடையில் சின்ன ரப்பர் அடைப்பான் விற்கிறார்கள். குழந்தைகளுக்குக் காதை முழுவதும் மூடுகிற கவசம் வாங்குங்கள்.

ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, செக் நாடு இவற்றின் பெருஞ்சாலைகளுக்கு முன்கூட்டியே அனுமதி வில்லை வாங்கவேண்டும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் வழியில் சாவடிதோறும் பணம் கட்டவேண்டும். இந்திய லைசென்ஸில் ஓட்டுகிறவர்கள் சர்வதேச அனுமதிப் பத்திரத்தை இங்கேயே வாங்கிக்கொண்டு போவது உத்தமம்.

மூன்று நாளில் பெரிய பந்தயம் ஞாயிறு அன்று. ஆனால் வயதானவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள். அன்று வெறும் பயிற்சி, கூட்டம் இல்லை, எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு மைதானத்தை நம்பாதீர்கள். மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர அதிகம் கிடைக்காது. அக்கா முப்பது இட்லியை மிளகாய்ப்பொடி தடவி எடுத்துக்கொண்டு போனாள்.

*

பத்து நாள் பிரயாணம் நாலு நாளாகச் சுருங்கியது. ஆனால் அக்கா அதையும் ஒரு சுற்றுலாவாக்கிவிட்டாள். வியாழக்கிழமையே புறப்பட்டு, லிஸ்ஸே ஊரில் டியூலிப் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, கடலுக்குக் குறுக்கே 1932-ல் கட்டி முடித்த முப்பத்திரண்டு கிலோமீட்டர் அணையின் மேல் காரை ஓட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். அஸ்ஸனைச் சுற்றி ஐயாயிரம் வருஷத்துக்கு முற்பட்ட கற்சமாதிகள் இருக்கின்றன, அவற்றையும் பார்த்தார்கள். திங்கட்கிழமை நம் வருஷப் பிறப்பு. பச்சடி செய்யவேண்டுமே என்று ஞாயிறு ராத்திரியே திரும்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை டெலிபோன் வந்தது. இந்தத் தடவை நம் ஊர்ப் பகல் நேரத்தில்.

அத்திம்பேர் சோழவரத்தைப் பற்றி மூன்று நாளும் பேசித் தீர்த்துவிட்டாராம். பந்தயம் புறப்படும்போது மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அக்கா திரும்பிப் பார்த்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

"சனிக்கிழமை பெண்கள் பந்தயத்தின்போது நான் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன்" என்றாள் அக்கா. "என் வயது இருக்கும், ஒரு அம்மாள். எல்லோரும் டெலிவிஷன் திரையைப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். மூடியைத் திருகுகிறாள், திறக்கிறாள், திருகுகிறாள். பந்தயம் முடிந்தது. ஒரு பெண் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்த அம்மாள் பாட்டிலை நீட்டினாள். எத்தனையாவதாக வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்கு டெலிபோனில் நான் கேட்டேனே, அந்த வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று? இதுதான் செய்வார்கள் போலிருக்கிறது."

"பிள்ளையாண்டான்?" என்றேன்.

"அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவன் வண்டியைப் பார்க்கவே இல்லையடி! அவர்கள் உடுத்திக்கொள்வதை அரை மணி நேரம் பார்த்தான். முதுகுக்குக் கவசம், கைக்கு உறை, கணுக்காலை மூடின பூட்ஸ், பிறகு ஹெல்மெட். ஒவ்வொன்றாக, பூஜைக்கு மடி உடுத்துகிற மாதிரி. வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தை நீட்டினான். 'அம்மா, மொபெட் கேட்பதற்கு முன்னால் இதெல்லாம் கேட்கிறேன்' என்று ஜாபிதா."

"நீ என்ன சொன்னாய்?"

"முதலில் ஜாபிதாவில் இருப்பதை வாங்குவோம், மொபெட்டைப் பிறகு பார்க்கலாம் என்றேன். வேறு என்ன சொல்ல? வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மட்டும் பயம் போய்விடுமா? இப்போதும் எனக்குப் பயம்தான். ஆனால் பயப்படுகிறது எனக்கு மட்டும் அல்ல என்று தெரிந்துவிட்டது."

அத்திம்பேருக்கும் ஒரு வரம் கொடுத்திருக்கிறாள். விசா வாங்கிக்கொண்டு மேன் தீவுக்குப் போகலாமாம். ஆனால், பந்தயமெல்லாம் முடிந்த செப்டம்பரில். அப்போது அது மறுபடியும் பஸ் போகிற சாலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற சாலை. நம் ஊரைப் போல இடது பக்கம்தான் ஓட்டவேண்டும். மலை மேலே ஜோயி டன்லப்புக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கொத்துப் பூ வைக்கவேண்டும் என்பது அக்காவின் பிரார்த்தனை.

அறுபது கிலோமீட்டர் சுற்றைப் பதினாறு பதினேழு நிமிஷத்தில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அத்திம்பேர் எவ்வளவு நேரத்தில் முடிப்பார் என்று கேட்டேன்.

"நடுவில் காப்பிக்கு நிறுத்துவதையும் சேர்த்து, இரண்டு மணி" என்றாள் அக்கா. "கடிகாரத்தை நான்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்."